பச்சைப் பால்

தமிழில் பச்சை என்பது நிறத்தின் பெயர் மட்டும் அன்று. அடுப்பேறாத நீரைப் பச்சைத் தண்ணீர் என்கிறோம். சூளை காணாத குடத்தைப் பச்சை மண் என்கிறோம். பிறந்து சில நாளே ஆன சிசுவைப் பச்சைக் குழந்தை என்றும், அதைப் பெற்றவளின் மேனியைப் பச்சை உடம்பு என்றும் சொல்லி, வாடைக் காற்றும் வேற்றுக் கண்ணும் படாமல் காக்கிறோம். இவ்வழக்குகளையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்த்தால், இன்னும் பக்குவத்துக்கு வாராத பொருள், ஆதலால் மிகுந்த ஜாக்கிரதையோடு கையாள வேண்டிய பொருள் என்ற கருத்து அவற்றினூடே ஓடுவது புலனாகும். கறந்து காய்ச்சாத பாலுக்குப் பச்சைப் பால் என்று பெயரிட்டவர்கள் நுண்ணோக்கியைக் கண்டவர்கள் அல்லர். ஆயினும் பெயர் என்னவோ பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

பாக்கெட் பாலைக் கத்தரித்து ஊற்றிப் பழகிய நகரவாசிகள் பலர் இந்நாளில் மறுபடியும் தொழுவத்தைத் தேடிப் போகிறார்கள். அடுத்த தெருவில் மாடு வைத்திருப்பவர் யார், ஊர்ப் புறத்தில் கறவை நடக்கும் பண்ணை எது, நாட்டு மாட்டுப் பால் எங்கே அகப்படும் என்று விசாரித்து, லிட்டருக்குப் பத்து இருபது கூடக் கொடுத்தேனும் வாங்கிவிடுவது என்று சங்கற்பம் செய்துகொள்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். ஆகவே இந்த ஆசையைப் பழித்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் பசுவின் அருகே போய் நிற்பதால் நாம் எவற்றைத் தெரிந்துகொள்ள முடியும், எவற்றை எவ்வளவு அருகே நின்றாலும் தெரிந்துகொள்ள முடியாது என்ற பேதத்தை உணராமல் வாங்குகிறவர், கொடுத்த காசுக்கு நிம்மதியை வாங்குகிறாரே தவிர, பாலை வாங்குகிறார் என்று நிச்சயமாகச் சொல்வதற்கில்லை.

முற்காலத்தில் நம் நகரங்களில் பால்காரர் மாட்டையே வாசலுக்கு ஓட்டி வந்து கறந்து கொடுப்பது சாதாரணமான காட்சி. வீட்டு அம்மாள் திண்ணையோரம் வந்து நின்று, முதலில் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வாள். அடியில் தண்ணீர் இல்லை என்று பிரத்தியட்சமாகத் தெரிந்த பின்னரே காம்பில் கை வைக்க விடுவாள். கறவை முடிந்ததும் அளக்கும்போது நுரையைப் பற்றி ஒரு சிறு வாக்குவாதம் நடக்கும். நான் இப்போது பால் வாங்கும் இடம் கும்பகோணத்தில் எங்கள் தெருக் கோடியில் இருக்கிற ஒரு கீற்றுக் கொட்டகை. அங்கே இரண்டு ஜெர்சிக் கலப்புப் பசுக்களும் ஓர் எருமையும் வைத்துப் பிழைக்கும் அம்மாள், இந்த வாக்குவாதத்துக்கு இடமே வைப்பதில்லை. "நுரை அடங்கட்டும் ஐயா, அப்புறம் அளக்குறேன். நுரையை வித்து நான் என்ன கோட்டையா கட்டப் போறேன்?" என்பார்.

அந்தக் கொட்டகையில் காலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்தால், பாலின் சாஸ்திரம் பாதி அங்கேயே விளங்கிவிடும். கட்டுத்தறியிலிருந்து கன்றை அவிழ்த்து விட்டவுடன் அது ஓடிப் போய் மடியை முட்டுகிறது. முட்டிய சிறிது நேரத்துக்கெல்லாம் தளர்ந்து கிடந்த காம்புகள் புடைத்து நிற்கின்றன. மடிக்குள் இருக்கும் பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் காம்பை அடுத்த கீழறையில் தேங்கி நிற்பது. எஞ்சியதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணறைகளில் அடைபட்டிருக்கும். கன்றின் வாய் பட்ட உணர்ச்சி நரம்பு வழியே ஏறி, மூளையின் அடிப்புறத்திலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பியை எட்ட, அது ஆக்ஸிடோசின் என்ற ரசத்தை இரத்தத்தில் விட, இரத்தம் அதை மடிக்குக் கொண்டுவந்து சேர்க்க, நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசை இழைகள் சுருங்கிப் பாலைக் கீழே தள்ளுகின்றன. இவ்வளவும் நடந்தேற ஒரு நிமிஷம் போதும். அதன் வேகமும் சில நிமிஷங்களுக்கே நிற்கும். பழக்கமில்லாத ஆள் வந்தாலோ நாய் குரைத்தாலோ மாடு பாலை அடக்கிக்கொண்டுவிட்டது என்று கறவைக்காரர் சொல்வது வெறும் சாக்கு அன்று. அச்சத்தில் சுரக்கும் வேறொரு ரசம் முன்னதன் வேலையைத் தடுத்துவிடுகிறது. ஆதலால் நான் போனால் கொட்டகை வாசலிலேயே நின்றுகொள்வது வழக்கம்.

இங்கே வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. ஒரே பசுவின் ஒரே வேளைப் பால்கூட முதலிலிருந்து கடைசி வரை ஒரே தன்மையாக இருப்பதில்லை. முதலில் பீய்ச்சும் பாலில் கொழுப்பு நூற்றுக்கு 1 அல்லது 2 பங்காக இருக்க, ஒட்டக் கறக்கும்போது வருகிற கடைசிப் பாலில் அது 7, 8 பங்கு வரை ஏறுவதுண்டு. கொழுப்புத் துளிகள் நுண்ணறைச் சுவர்களில் தங்கித் தங்கி, பின்னாலேயே இறங்குவதுதான் காரணம். ஆகவே முந்தி வந்தவரின் செம்பில் நேராகவே கறந்து கொடுத்தால் அவருக்கு நீர்த்த பாலும், பிந்தி வந்தவருக்குக் கொழுத்த பாலும் வாய்க்கும். எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் கறந்து கலந்து அளப்பவரிடம் வாங்குவதே நியாயம். கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிடுகிறவரிடம் ஆடை சற்று மெலிதாக இருக்கும். அதைக் குறையாகப் பேசுவது தர்மம் அன்று.

இனி என்னுடைய பேதைமை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த அம்மாளிடம் வாங்கத் தொடங்கிய முதல் வாரத்தில், விஞ்ஞானம் படித்தவன் என்ற கர்வத்தால், பால்மானி ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். கண்ணாடிக் குமிழின் அடியில் பாரம் வைத்து, மேலே மெல்லிய தண்டில் கோடுகள் கீறிய அக்கருவியைப் பாலில் விட்டால், பாலின் அடர்த்திக்கு ஏற்ப அது ஆழ்ந்தோ உயர்ந்தோ மிதக்கும். நீரின் அடர்த்தி 1 என்றால் நல்ல பசும்பாலின் அடர்த்தி 1.028 முதல் 1.032 வரை, அந்தக் கடைசி இரண்டு இலக்கங்களே தண்டில் 28, 32 என்று பொறிக்கப்பட்டிருக்கும். தண்ணீர் கலந்தால் எண் இறங்கும். என் கண்ணெதிரே கறந்து, என் கண்ணெதிரே அளந்து ஊற்றிய பாலில் கருவியை விட்டேன். அது 25 என்று காட்டியது. பாத்திரம் காலியாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். எனினும் என் முகம் மாறியதை அந்த அம்மாள் கண்டுகொண்டார். "என்ன ஐயா, கருவி ஏதாச்சும் கோள் சொல்லுதா?" என்று கேட்டார். நான் மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வந்து, பாத்திரத்தைப் பனிக்கட்டி போட்ட நீரில் வைத்து நன்றாக ஆறவிட்டுத் திரும்ப அளந்தபோது எண் 29! கோள் சொன்னது கருவியன்று. படிக்கத் தெரியாதவன் நான். அந்தத் தண்டின் கோடுகள் 15.5 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்துக்கு அளவிட்டு வரையப்பட்டவை. மடியிலிருந்து இறங்கும் பாலோ பசுவின் உடற்சூட்டோடு வருவது. சூடான திரவம் விரிந்து அடர்த்தி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அன்றியும், கறந்தவுடன் பாலில் காற்றுக் குமிழிகள் சிக்கியிருக்கும். கொழுப்பும் உருகிய நிலையிலேயே இருக்கும். குமிழிகள் வெளியேறிக் கொழுப்பு மெல்ல இறுகிய பிறகே பால் தன் உண்மையான அடர்த்தியை அடைகிறது. சாஸ்திரத்தை அரைகுறையாக அறிந்தவன் யோக்கியமான ஒரு பெண்மணியைத் திருடியாக்கிவிடுவான் என்பதற்கு இதற்குமேல் உதாரணம் வேண்டியதில்லை. மறுநாள் அவரிடம் உள்ளதைச் சொன்னேன். சிரித்துக்கொண்டு ஓர் ஆழாக்கு அதிகமாக ஊற்றினார்.

கருவியை ஏமாற்றத் தெரிந்தவர்களும் உண்டென்பதையும் மறைப்பதற்கில்லை. கொழுப்பு நீரைவிட இலேசானது. ஆகவே பாலிலிருந்து ஆடையை எடுத்துவிட்டால் மிஞ்சிய பால் கனத்து எண் ஏறும். பின்பு அதில் தண்ணீர் சேர்த்தால் எண் பழையபடி 29-க்கோ 30-க்கோ இறங்கி நிற்கும். இரண்டு மோசடிகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ள, பால்மானி அப்பாலுக்கு நற்சாட்சிப் பத்திரம் வாசிக்கும். கூட்டுறவுச் சங்கங்களில் அடர்த்தியோடு கொழுப்பையும் தனியே அளந்து விலை நிர்ணயிப்பது இதனால்தான். மாவு கலந்த பாலைக் கண்டுபிடிக்க அயோடின் கரைசல் ஒரு துளி போதும். ஆறவைத்த பாலில் அது நீலமாக மாறும். நிறத்தைப் பார்த்துப் பாலை எடை போடுவதில் பயனில்லை. பசும்பாலின் மெல்லிய மஞ்சள் பசும்புல்லின் கரோட்டீன் தந்தது. எருமை அந்தக் கரோட்டீனைத் தன் உடம்பிலேயே வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடுவதால் அதன் பால் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கொழுப்பிலோ எருமைப் பாலே மிகுந்தது.

இதுவரை சொன்னவையெல்லாம் கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படுகிற விஷயங்கள். தண்ணீரைத்தான் நம் முன்னோர் பாலின் பெருஞ்சத்துருவாகக் கருதினர். பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தது அதற்காகவே. ஆனால் வாசலில் நின்று கறக்கும் பாலைக் கண்ணால் கண்டு வாங்கிக் குடித்த ஒரு தீவின் கதை, வேறொரு சத்துருவை நமக்குக் காட்டுகிறது.

மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிரிட்டிஷ் படைவீரர்களை ஒரு விசித்திரமான ஜுரம் வாட்டிவந்தது. ஏறும், இறங்கும், போய்விட்டது என்று எண்ணியிருக்கையில் திரும்பி வரும், மூட்டுகளெல்லாம் நோகும், மாதக் கணக்கில் மனிதனைப் படுக்கையில் கிடத்தும். 1887-இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர், இந்நோயால் இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து அதற்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தார். கிருமி தெரிந்துவிட்டது, அது மனிதனுக்குள் எவ்வழியே நுழைகிறது என்பது மட்டும் பதினெட்டு ஆண்டுகள் விளங்கவில்லை. காற்றைச் சந்தேகித்தார்கள், சாக்கடையைச் சந்தேகித்தார்கள். மால்டாவில் வீதிதோறும் ஆடுகளை மந்தையாக ஓட்டிவந்து, வீட்டு வாசலிலேயே கறந்து கொடுப்பது வழக்கம். அதைவிடப் புதிய பால், அதைவிட நம்பகமான பால் இருக்கக் கூடுமென்று யாருக்குத் தோன்றும்? 1905-இல் தெமிஸ்டோக்லிஸ் ஸாமிட் என்ற மால்டா நாட்டு மருத்துவர் ஆடுகளின் இரத்தத்தைப் பரீட்சித்தார். வாட்டம் இல்லாமல், மேய்ச்சல் குறையாமல், மினுமினுவென்றிருந்த ஆடுகள் பலவற்றில் அந்நோயின் அடையாளம் இருந்தது. சிலவற்றின் பாலில் கிருமி உயிரோடு நடமாடியது. அடுத்த ஆண்டு படைவீரர்களுக்கு ஆட்டுப் பால் வழங்குவது நிறுத்தப்பட்டது. படைமுகாம்களில் ஜுரம் விரைவில் அருகிப் போயிற்று.

அதே 1905-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் இனப்பெருக்கத்துக்கென்று மால்டா ஆடுகள் அறுபதுக்கு மேல் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டன. பிரயாணத்தில் கப்பலாட்கள் அப்பாலைக் காய்ச்சாமலே பருகினார்கள். பின்னர் அவர்களில் பலர் அந்த ஜுரத்தில் விழுந்தார்கள். கடற்காற்று வீசும் நடுக்கடலில் சாக்கடை ஏது?

புரூஸின் பெயரைத் தாங்கிப் புரூசெல்லா என்று வழங்கும் அக்கிருமி நம் பசுக்களையும் பற்றுவது. நம் ஊரில் இதைக் கருச்சிதைவு நோய் என்றும் கன்று வீச்சு என்றும் சொல்வார்கள். சினை முற்றிய பருவத்தில் கன்றை வீசிவிடுவதே இதன் முக்கியமான குறி. பசுவின் நோயும் மால்டா ஆட்டின் நோயும் ஒரே குடும்பத்துக் கிருமிகளால் வருவன என்று 1918-இல் எழுதிய அமெரிக்கப் பெண் விஞ்ஞானி ஆலிஸ் எவான்ஸ், ஆகையால் பாலைச் சூடேற்றியே விற்க வேண்டும் என்று வாதாடினார். டாக்டர் பட்டம் இல்லாத ஒரு பெண் சொல்வதைப் பெரியவர்கள் நம்பவில்லை. 1922-இல் ஆய்வுக்கூடத்தில் அக்கிருமியே அவரைப் பற்றி, பல ஆண்டுகள் விட்டுவிட்டு வருத்தியது. நம்பாதவர்களுக்கு இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டியிருந்ததோ அறியேன். காசநோயின் மாட்டு வகையும் பால் வழியே குழந்தைகளுக்கு வருவதென்பதை இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

நோயில்லாத பசுவின் பாலாயினும், கறந்த கணம் முதல் அதற்கு ஒரு கெடு ஆரம்பமாகிவிடுகிறது. கறப்பவர் கையிலிருந்தும், மடியில் ஒட்டிய சாணத்திலிருந்தும், பாத்திரத்தின் விளிம்பிலிருந்தும் நுண்ணுயிர்கள் அதில் விழுகின்றன. நம் ஊர்ச் சீதோஷ்ணத்தில் அவை அரை மணிக்கொரு முறை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால், ஐந்து மணி நேரத்தில் ஒன்று ஆயிரமாகும். பாலுக்குள்ளேயே லாக்டோபெராக்ஸிடேஸ் முதலிய காவற் பொருள்கள் இயற்கையாக அமைந்து, முதல் சில மணி நேரத்துக்கு அவற்றின் பெருக்கத்தைத் தாமதப்படுத்துவது மெய்யே. ஆனால் அது காவல் நிற்குமேயன்றிக் கொன்றொழிக்காது. அடுத்த தெருவில் வாங்குவதன் மெய்யான லாபம் இங்கேதான் இருக்கிறது: கொட்டகைக்கும் அடுப்புக்கும் இடையே உள்ள காலம் கால் மணியாகச் சுருங்கிவிடுகிறது.

மேனாடுகளில் பச்சைப் பாலைப் பற்றி இன்று நடக்கும் சண்டை நமக்குச் சற்று வேடிக்கையாகத் தோன்றும். அங்கே பாலைக் காய்ச்சுவது வீட்டு வழக்கம் அன்று. ஆலை காய்ச்ச வேண்டும், இல்லையேல் அப்படியே குடிக்க வேண்டும். 63 டிகிரியில் அரை மணி, அல்லது 72 டிகிரியில் 15 வினாடி வைத்துக் குளிரச் செய்யும் பாஸ்டர் முறையை ஒரு சாரார் போற்ற, மற்றொரு சாரார் அது பாலின் ஜீவனைப் போக்கிவிடுவதாகத் தூற்றுகிறார்கள். அமெரிக்காவில் 1987 முதல் பச்சைப் பாலை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசென்று விற்கத் தடை. ஸ்காட்லாந்தில் 1983 முதல் விற்பனையே கிடையாது. ஜெர்மனியில் பண்ணை வாசலில் விற்கலாம், ஆனால் குடிக்குமுன் காய்ச்சுக என்ற பலகை தொங்க வேண்டும். இம்மூன்றிலும் ஜெர்மானியரின் பலகையே புத்திசாலித்தனமானது என்பது என் அபிப்பிராயம்.

தூற்றுவோர் கூற்றில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் பண்ணைக் குழந்தைகளை ஆராய்ந்து 2011-இல் வெளியான பெரிய ஆய்வொன்று, காய்ச்சாத பண்ணைப் பால் பருகிய பிள்ளைகளிடம் ஆஸ்துமா குறைவாக இருப்பதைக் கண்டது. ஆயினும் கிருமி அபாயம் கருதி, பச்சைப் பாலைக் குடியுங்கள் என்று உபதேசிக்க அவ்வாராய்ச்சியாளர்களே துணியவில்லை. பச்சைப் பால் எளிதில் செரிக்கும், பாற்சர்க்கரை ஒவ்வாதவருக்கும் ஒத்துக்கொள்ளும் என்பது மட்டும் வெறும் பேச்சு. பச்சைப் பாலிலும் அச்சர்க்கரை அதே அளவில்தான் இருக்கிறது. அதைச் செரிக்கும் நொதி பாலில் இல்லை. இதற்கிடையே 2024-இல் அமெரிக்கக் கறவை மாடுகளைப் பறவைக் காய்ச்சல் பற்றியபோது, அவற்றின் பச்சைப் பாலை நக்கிய பண்ணைப் பூனைகள் செத்து விழுந்தன. ஜீவன் நிறைந்த பால்தான். யாருடைய ஜீவன் என்பதே கேள்வி.

காய்ச்சுவதால் நாம் இழப்பதென்ன? தயமினும் வைட்டமின் சி-யும் கொஞ்சம் குறையும். அவற்றுக்காக நாம் பாலை நம்பியிருப்பவர்கள் அல்லர். சுண்ணாம்புச் சத்தும் கொழுப்பும் குறைவதில்லை. புரதம் உருமாறுமேயன்றிக் குறையாது. அடுப்பில் வைத்த பாலை ஒரு நாள் நின்று பாருங்கள்: 70 டிகிரியைக் கடக்கும்போது மோர்ப் புரதங்கள் சுருள் அவிழ்கின்றன, அப்போது எழுகிற அந்தப் பழகிய வாசனை அவற்றிலுள்ள கந்தகத்தினுடையது. மேற்பரப்பில் நீர் ஆவியாக, புரதமும் கொழுப்பும் சேர்ந்து ஆடையாகப் படர்ந்து மூட, கீழே பிறக்கும் நீராவி வெளியேற வழியின்றி அந்த ஆடையையே தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. புதுமனையில் நாம் கண்டு மகிழும் பால் பொங்குதல் இதுவே. அவிழ்ந்த புரதங்கள் கேசின் என்னும் முதன்மைப் புரதத்தின் துகள்களில் போய் ஒட்டிக்கொள்வதால், காய்ச்சிய பாலில் உறை விட்ட தயிர் நீரை விடாமல் கட்டியாக நிற்கிறது. பச்சைப் பாலில் உறை விட்டால் இளகிய தயிரே வாய்க்கும். கட்டித் தயிருக்கு ஆசைப்பட்ட சமையலறை, கேட்காமலே ஆரோக்கியத்தையும் பெற்றுக்கொண்டது.

ஆகவே பண்ணைப் பால் வாங்கப் புறப்படுகிறவர் தொழுவத்தின் அழகில் மயங்காமல் சில சங்கதிகளை விசாரிக்க வேண்டும். கறக்குமுன் மடியைக் கழுவித் துடைக்கிறார்களா? ஒவ்வொரு காம்பிலும் முதல் சில பீய்ச்சுகளைத் தனியே விட்டு, திரிதிரியாக வருகிறதா என்று பார்க்கிறார்களா? திரி கண்டால் அது மடிநோய். மாட்டுக்கு மருந்தூசி போட்ட நாள்களில் பாலை என்ன செய்கிறார்கள்? கிடேரிக் கன்றுக்கு நாலாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதத்துக்குள் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி போட்டதுண்டா? கன்று வீசிய மாடு கொட்டகையில் உண்டா? இக்கேள்விகளுக்குக் கோபிக்காமல் பதில் சொல்பவரிடம் வாங்கலாம். இவ்வளவையும் விசாரித்த பிறகும் பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. பொங்கிய பின் தணலைக் குறைத்து, கரண்டியால் கிளறி, இன்னும் ஓரிரு நிமிஷம் கொதிக்க விட்டு, ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட வேண்டும். கொதிக்குத் தப்பும் கிருமி வித்துகள் சில உண்டு, அவற்றை அடக்குவது குளிர்தான்.

தெருக் கோடி அம்மாள் தம் பேரப் பிள்ளைக்கென்று தினமும் அரை லிட்டரைத் தனியே எடுத்து வைக்கிறார். நான் செம்பை எடுத்துக்கொண்டு கொட்டகையை விட்டு இறங்குமுன், அந்தப் பால் அவர் வீட்டு அடுப்பில் ஏறிவிடுகிறது.